1 டன் செயின் பிளாக் வடிவமைப்பு: தூக்குவது சுலபம், பிடித்து நிறுத்துவதுதான் வேலை

கிணற்றுக் கப்பியில் 20 கிலோ வாளியை இழுக்க, ஏறக்குறைய 20 கிலோ விசை வேண்டும். கப்பி விசையின் திசையை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். கயிற்றை விட்டால் வாளி கிணற்றுக்குள். செயின் பிளாக் என்னும் சங்கிலித் தூக்கியில் ஒரே ஆள் கைச்சங்கிலியை இழுத்து 1 டன் மோட்டாரைத் தூக்குகிறார், பாதியில் கைச்சங்கிலியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார், திரும்பி வரும்போது மோட்டார் அதே இடத்தில் தொங்குகிறது. இந்த இரண்டாவது வித்தைதான் பெரியது. பல்சக்கரம் போட்டுச் சுமையைத் தூக்க யாராலும் முடியும். கையை விட்டதும் தானாகப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று புரிந்தவர்தான் செயின் பிளாக் வடிவமைக்க முடியும்.

டிப்ளமோ முடித்துவிட்டு டிசைன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இது: 1 டன் செயின் பிளாக் ஒன்றைக் காகிதத்தில் முழுதாக வடிவமைத்துக் காட்டு. கணக்கு சின்னது, ஆனால் சங்கிலி, பல்சக்கரம், திருகு, உராய்வு, கொக்கி எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு எண்ணை மாற்றினால் நான்கு எண்கள் கூடவே மாறும். அதே கணக்கை இங்கே படிப்படியாகப் போடுவோம். ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒன்றைச் செய்து அதன் கீழே போய் நிற்காதீர்கள். முறையாகச் சோதிக்காத தூக்குக் கருவி எதுவானாலும் அதை நம்பக்கூடாது.

முதலில் ஒரு பழைய பிளாக்கைப் பிரியுங்கள்

காயலான் கடையில் பழைய 1 டன் பிளாக் கிடைக்கும். வாங்கிப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்க மூடியைக் கழற்றினால் கைச்சங்கிலிச் சக்கரமும் அதற்குப் பின்னால் பிரேக்கும் இருக்கும். எதிர்ப்பக்க மூடியைக் கழற்றினால் பல்சக்கரங்கள். நடுவில் இரண்டு தடித்த தகடுகளுக்கு இடையே சுமைச் சங்கிலி ஓடும் சக்கரம். ‘பிரேக் இந்தப் பக்கம், கியர் அந்தப் பக்கம், சக்தி எப்படிக் கடந்து போகிறது?’ என்று புதிதாக வருபவர்கள் திகைப்பது இங்கேதான். சுமைச் சக்கரத்தின் நடுவில் துளை இருக்கிறது. அதற்குள் புகுந்து போகிறது பினியன் தண்டு, அதாவது முனையில் சின்னப் பல்சக்கரம் (பினியன்) உள்ள தண்டு. கைச்சக்கரம் இந்தத் தண்டைச் சுற்றுகிறது, தண்டு மறுபக்கம் போய்ப் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது, கடைசிப் பல்சக்கரம் திரும்பி வந்து சுமைச் சக்கரத்தைச் சுற்றுகிறது. கைச்சக்கரம், பினியன், சுமைச் சக்கரம் மூன்றும் ஒரே அச்சில் இருப்பதால்தான் பிளாக் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது. இந்த ஒரே அச்சு பின்னால் கணக்கில் ஒரு நிபந்தனையாக வந்து நிற்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முந்தைய தலைமுறை ஒன்று உண்டு. 1850களில் இங்கிலாந்தில் தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் என்பவர் உருவாக்கிய டிஃபரன்ஷியல் பிளாக். பல்சக்கரமே கிடையாது. மேலே ஒரே தண்டில் அளவு கொஞ்சம் வேறுபட்ட இரண்டு சங்கிலிச் சக்கரங்கள், கீழே ஒரு கப்பி. பெரியதில் 12 பள்ளம், சிறியதில் 11 பள்ளம் என்றால் வேக விகிதம் 24, அதாவது சுமை 1 மீட்டர் ஏற 24 மீட்டர் சங்கிலி இழுக்க வேண்டும். உராய்வு அதிகம் என்பதால் இதன் திறன், அதாவது போட்ட உழைப்பில் சுமையைத் தூக்கப் பயன்படும் பங்கு, 50 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் குறையே அதன் பிரேக்கும் ஆனது: திறன் பாதியைவிடக் குறைவான எந்த இயந்திரத்தையும் சுமையால் பின்னோக்கி ஓட்ட முடியாது. கெட்டிக்கார யோசனைதான், ஆனால் இழுப்பவரின் உழைப்பில் பாதிக்கு மேல் சூடாகப் போய்விடும். இன்றைய பிளாக் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது. அதனால் அது தானாக நிற்காது, தனியாக ஒரு பிரேக் வேண்டும். அந்த பிரேக் வகைக்கும் வெஸ்டன் பெயர்தான் வழங்குகிறது.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

சுமை 1 டன், அதாவது 9,810 நியூட்டன். தூக்கும் உயரம் 3 மீட்டர். இழுப்பவர் ஒருவர், கை விசை 300 நியூட்டனுக்குள், கிட்டத்தட்ட 30 கிலோ. இந்தியாவில் செய்வதென்றால் கைச் செயின் பிளாக்குகளுக்கான ஐ.எஸ். 3832 தரத்தை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே போடுவது கற்றுக்கொள்வதற்கான கணக்கு. தரத்தின் வரம்புகளை அதில் பார்த்தே எடுக்க வேண்டும்.

படி 2: சுமைச் சங்கிலி

எப்போதும் சங்கிலியிலிருந்து தொடங்குங்கள். கியரிலிருந்து தொடங்குபவர்கள் கடைசியில் சங்கிலிக்காக எல்லாவற்றையும் அழித்து எழுதுவார்கள். சங்கிலி கடையில் கிடைக்கும் அளவில்தான் கிடைக்கும், கியரை நாம் வெட்டிக்கொள்ளலாம்.

தூக்குவதற்கு கிரேடு 80 அலாய் ஸ்டீல் சங்கிலி. 80 என்பது முறியும்போது உள்ள சராசரித் தகைவைக் குறிக்கிறது: சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன். கம்பி விட்டம் 6 மி.மீ. என்றால் ஒரு கண்ணியின் இரண்டு கால்களும் சேர்ந்து 56.5 சதுர மி.மீ. முறியும் விசை 45.2 கிலோநியூட்டன். நம் சுமை 9.81. ஆக 4.6 மடங்கு பாதுகாப்பு. கையால் இயக்கும் கருவிக்கு 4 மடங்கு என்பது வழக்கம், அதைத் தாண்டிவிட்டோம். எனவே 6×18 சங்கிலி: கம்பி 6 மி.மீ., கண்ணியின் உள்நீளம் 18 மி.மீ.

நாய்ச் சங்கிலி, கேட் சங்கிலி விற்கும் ஹார்டுவேர் கடையில் ‘இதுவும் 6 எம்.எம்.தான் சார்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தொடவே தொடாதீர்கள். அதன் எஃகு வேறு, கண்ணிக்குக் கண்ணி அளவும் மாறும். பிளாக் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் சக்கரத்தின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும், அதனால் அளவை ஒழுங்குபடுத்தித்தான் விற்பார்கள்.

அடுத்தது சுமைச் சக்கரம். சங்கிலியைக் கையில் பிடித்துப் பாருங்கள்: ஒரு கண்ணி படுத்திருக்கும், அடுத்தது நின்றிருக்கும். சக்கரத்தில் படுத்த கண்ணிக்குப் பள்ளம், நின்ற கண்ணிக்கு நடுவில் ஓடும் ஒடுக்கமான வாய்க்கால். ஆகவே ஒரு பள்ளத்துக்கு இரண்டு கண்ணி. நான்கு பள்ளம் வைத்தால், ஒரு சுற்றுக்கு 2 × 18 × 4 = 144 மி.மீ. சங்கிலி நகரும். ஐந்து வைத்தால் 180. நான்கையே எடுப்போம். சக்கரம் சின்னதானால் முறுக்கு விசை குறையும், பின்னால் வரும் கியர்கள் எல்லாம் சின்னதாகும். நான்கு பள்ளச் சக்கரம் வட்டமாக இல்லாமல் சதுரம் மாதிரி இருப்பதால் சுமை லேசாகத் துள்ளித் துள்ளி ஏறும். மோட்டார் வைத்து வேகமாக ஓட்டினால் அது தொல்லை. கையால் இழுக்கும் வேகத்தில் யாருக்கும் தெரியாது.

144 மி.மீ. சுற்றளவுக்கு ஆரம் 22.9 மி.மீ. சக்கரத்தில் முறுக்கு விசை: 9,810 × 0.0229 = 225 நியூட்டன் மீட்டர்.

சங்கிலி சக்கரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன இரும்பு ஆப்பு, வாய்க்காலுக்குள் நாக்கை நீட்டியபடி நிற்க வேண்டும். பள்ளத்திலிருந்து கண்ணியை உரித்து எடுப்பது அதன் வேலை. பார்த்தால் அற்பமாக இருக்கும், அதனால்தான் மாணவர்களின் வரைபடத்தில் பாதிக்கு மேல் அது இருக்காது. அது இல்லையென்றால் சுமையில்லாத தளர்ந்த சங்கிலி சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குப் போய் இறுகிக்கொள்ளும்.

படி 3: கை பக்கம், அப்புறம் விகிதம்

கைச்சங்கிலி 5×25 எடுப்போம். கைச்சக்கரத்தில் 9 பள்ளம். ஒரு சுற்றுக்கு 2 × 25 × 9 = 450 மி.மீ. கியரே இல்லாமல் நேராக இணைத்தால் விகிதம் 450 ÷ 144 = 3.125.

தேவை எவ்வளவு? திறன் 80 சதவீதம் என்று வைத்து, 300 நியூட்டனில் இழுக்க: 9,810 ÷ (300 × 0.8) = 40.9. அப்படியென்றால் கியர் மட்டும் 13.1 மடங்காவது தர வேண்டும். 14 என்று வைப்போம், ஏன் என்று அடுத்த படியில் தெரியும். மொத்த விகிதம் 14 × 3.125 = 43.75. கை விசை 280 நியூட்டன்.

இதன் விலையையும் பாருங்கள். சுமை 1 மீட்டர் ஏற, கைச்சங்கிலி 43.75 மீட்டர் இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு முக்கால் மீட்டர் என்றால் 58 இழுப்பு. ‘இன்னும் லேசாக, 15 கிலோவில் இழுக்கிற மாதிரி செய்யுங்களேன்’ என்று வாடிக்கையாளர் கேட்பார். செய்யலாம், ஒரு மீட்டருக்கு 80 மீட்டருக்கு மேல் இழுக்கத் தயாரா என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

படி 4: பல்சக்கரங்கள்

பினியன் நடுவில். அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு இடைக் கியர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும் (சுருக்கமாக ‘சின்னப் பல்’) ஒரே உடலில். சின்னப் பல் போய், சுமைச் சக்கரத்தின் தண்டில் மாட்டிய சுமைக் கியரைச் சுற்றும். பினியனும் சுமைக் கியரும் ஒரே அச்சில் என்று முன்பே சொன்னேன். அதனால் முதல் கட்டத்தின் மைய இடைவெளியும் இரண்டாம் கட்டத்தின் மைய இடைவெளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதை மறந்து, விகிதத்துக்கு மட்டும் பல் எண்ணிக்கையைப் போட்டவர்கள் வரைபடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

முதல் கட்டம் மாட்யூல் (சக்கரத்தின் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தது, பல்லின் அளவைக் காட்டும்) 1.5, பினியன் 10 பல், இடைக் கியர் 42 பல். இடைவெளி (10 + 42) × 1.5 ÷ 2 = 39 மி.மீ. இரண்டாம் கட்டத்தில் விசை அதிகம், அதனால் மாட்யூல் 2. சின்னப் பல் 9, சுமைக் கியர் 30. இடைவெளி (9 + 30) × 2 ÷ 2 = 39 மி.மீ. பொருந்திவிட்டது. விகிதம் 4.2 × 3.333 = 14. அந்த 14 இங்கிருந்து வந்ததுதான். 13.1க்கு மேலே, இடைவெளி பொருந்துகிற முதல் நல்ல ஜோடி இது.

9 பல், 10 பல் என்றதும் பாடப்புத்தகம் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் கோணம்) 17 பல்லுக்குக் கீழே போனால், வெட்டும்போதே பல்லின் அடிப்பகுதி குடையப்பட்டு மெலியும் என்பது உண்மை. செயின் பிளாக்கில் அதைத் தெரிந்தே செய்கிறோம். வெட்டும்போது கத்தியைக் கொஞ்சம் வெளியே தள்ளி, பல் வடிவத்தைத் திருத்தி வெட்டினால் அடி தடிக்கும். ஜோடியில் மற்ற சக்கரத்தை அதே அளவுக்கு உள்ளே தள்ளி வெட்டினால் மைய இடைவெளி மாறாது.

பலத்தைப் பார்ப்போம். சுமைக் கியரின் ஆரம் 30 மி.மீ.; 225 நியூட்டன் மீட்டருக்குப் பல்லில் வரும் விசை 7,500 நியூட்டன். இரண்டு இடைக் கியர்களும் பகிர்ந்தால் தலா 3,750. பல் அகலம் 16 மி.மீ. வைத்தால் பல்லின் பலத்தைக் கணக்கிடும் லூயிஸ் சமன்பாட்டில் வளைவுத் தகைவு சதுர மி.மீ.க்கு 400 நியூட்டனுக்குப் பக்கத்தில் வரும். சாதா மைல்ட் ஸ்டீல் தாங்காது, கேஸ் ஹார்டன் செய்த (மேல்தோலை மட்டும் கடினமாக்கிய) அலாய் ஸ்டீல் தாங்கும். ஆனால் ‘பாதிப் பாதி பகிரும்’ என்பதை நம்பிவிட வேண்டாம். ஒரு பக்கம் பல் ஒரு மயிரிழை முன்னே இருந்தால் முழுச் சுமையும் அதன் தலையில். இதற்கு நல்ல பிளாக்குகளில் ஒரு தந்திரம் உண்டு: பினியனை பேரிங்கில் இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் ஆட விடுவார்கள். இரண்டு கியர்களுக்கும் நடுவில் அது தானாகச் சமநிலைக்கு வரும். புதிதாக வருபவர் அந்த ஆட்டத்தைத் தேய்மானம் என்று நினைத்து, புஷ் அடித்து இறுக்கிவிடுவார்.

படி 5: பிரேக்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

பினியன் தண்டின் கை பக்க முனையில் திருகு வெட்டியிருக்கும். கைச்சக்கரம் அதில் ஒரு நட்டு மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும். தண்டில் கொஞ்சம் உள்ளே ஒரு தட்டையான விளிம்பு, தண்டோடு ஒட்டியது. இந்த விளிம்புக்கும் கைச்சக்கரத்துக்கும் நடுவே மூன்று வட்டுகள்: ஒரு பிரேக் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் வட்டு), ஒரு ராட்செட் சக்கரம், இன்னொரு பிரேக் லைனிங். சாண்ட்விச் மாதிரி. ராட்செட்டை ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் இரண்டு நாக்குகள் பக்கத் தகட்டில் இருக்கின்றன. பட்டறையில் அதை ‘பால்’ என்பார்கள். குடிக்கிற பாலோடு குழம்பிவிடும் என்று நான் நாக்கு என்றே சொல்லிவருகிறேன்.

தூக்கும் திசையில் கைச்சங்கிலியை இழுத்தால், கைச்சக்கரம் திருகில் உள்ளே ஏறி சாண்ட்விச்சை நசுக்கும். எல்லாம் ஒரே கட்டியாகி, தண்டையும் சேர்த்துச் சுற்றும். ராட்செட் நாக்கைத் தாண்டித் தாண்டி ‘டக் டக்’ என்று ஓடும். கையை விட்டால்? சுமை தண்டைப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். ஆனால் தண்டு பின்னோக்கிச் சுற்றுவது என்பது, போல்ட்டைத் திருகி நட்டை இறுக்குவது போலத்தான்: கைச்சக்கரம் இன்னும் உள்ளே ஏறி இன்னும் இறுகும். நாக்கு ராட்செட்டை விடாது, ராட்செட் லைனிங்கை விடாது, லைனிங் தண்டை விடாது. சுமை தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறது. கனமான சுமை என்றால் கனமான பிடி. எனக்கு இந்தத் துறையில் அலுக்காத விஷயம் இது.

இறக்க வேண்டுமா? கைச்சங்கிலியை மறுபக்கம் இழுத்தால் நட்டு சற்றே தளரும், சுமை நழுவும், நழுவிய வேகத்தில் தண்டு சுற்றித் தானே மறுபடி இறுக்கிக்கொள்ளும். மறுபடி தளர்த்தினால் மறுபடி நழுவும். நீங்கள் இழுக்கும் வேகத்தை சுமை துரத்திக்கொண்டே வரும், முந்தாது. இறக்கும்போது ராட்செட் சுற்றாது, சத்தமும் வராது.

இனிக் கணக்கு. சுமையால் தண்டில் வரும் முறுக்கு 225 ÷ 14 = 16 நியூட்டன் மீட்டர். பிரேக் தானாக இறுகிப் பிடிக்க ஒரே நிபந்தனை: லைனிங்கின் உராய்வு எண் × லைனிங்கின் சராசரி ஆரம் என்ற பெருக்கல், திருகின் ஆரம் × (திருகுக் கோணமும் திருகின் உராய்வுக் கோணமும் சேர்ந்ததன் டேன்ஜென்ட்) என்ற பெருக்கலைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

லைனிங்கின் வெளி விட்டம் 80, உள் விட்டம் 40. சராசரி ஆரம் 30 மி.மீ. உலர்ந்த லைனிங்கின் உராய்வு எண் 0.3 என்று எடுத்தால் முதல் பெருக்கல் 9 மி.மீ. திருகின் சராசரி விட்டம் 16, 4 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி தூரம்), இரட்டைத் தொடக்கம் (இரண்டு புரிகள் கூடவே ஓடும்), ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வு. திருகுக் கோணம், அதாவது புரியின் சரிவு, 9 டிகிரி. திருகின் உராய்வுக் கோணம், அதாவது சரிவு இதற்குக் கீழே போனால் தானாக வழுக்காது என்ற எல்லை, 7 டிகிரி. கூட்டினால் 16, டேன்ஜென்ட் 0.287, பெருக்கினால் 2.3 மி.மீ. ஒன்பதுக்கு இரண்டு சொச்சம். நான்கு மடங்கு தெம்பு.

இரண்டையும் கூட்டினால் 11.3 மி.மீ. 16 நியூட்டன் மீட்டரை இதால் வகுத்தால் சாண்ட்விச்சை நசுக்கும் விசை 1,420 நியூட்டன். லைனிங் பரப்பு 3,770 சதுர மி.மீ., அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.38 நியூட்டன். லைனிங்குக்கு இது ஒன்றுமே இல்லை.

திருகுக் கோணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை 9 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குறைத்தால் பிடி இன்னும் பலமாகுமே என்று தோன்றும். ஆகும். ஆனால் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைந்தால் திருகு தானாகவே பூட்டிக்கொள்ளும், இறக்கும்போது தளராது. ஆள் கைச்சங்கிலியைத் தொங்கி இழுப்பார், ‘டம்’ என்று விடும், சுமை குதிக்கும். அதனால் 7க்கு மேலே, ஆனால் ரொம்ப மேலே போகாமல் 9.

சரி, லைனிங்கில் எண்ணெய் பட்டால்? உராய்வு எண் 0.08க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். 0.08 × 30 = 2.4. எதிரே 2.3. நான்கு மடங்கு தெம்பு போய், நூலிழையில் நிற்கிறது.

இதை நான் கணக்கில் பார்ப்பதற்கு முன் கண்ணால் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில் பம்ப் பாடி ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பிளாக் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று ஹெல்பர் பையன் முந்தின நாள் எண்ணெய்க் கேனைக் கவிழ்த்து, தாராளமாக விட்டிருக்கிறான், கை பக்க மூடிக்குள். யாரும் சங்கிலியைத் தொடவில்லை. பம்ப் தானாக, அவசரமே இல்லாமல், ஒரு அடி இறங்கி நின்றது. அப்புறம் மறுபடி ஒரு ஜாண். கைச்சங்கிலி தானாக ஓடுவதைப் பார்த்த ஃபோர்மேன், ‘எல்லாரும் தள்ளு’ என்று கத்தினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றைக்குப் பிரித்த லைனிங், பஜ்ஜி சுற்றிய காகிதம் மாதிரி பளபளத்தது. பையனைத் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எண்ணெய் விடக்கூடாத இடத்துக்கு எண்ணெய் போகும் வழியை வைத்தது வடிவமைத்தவர். நான் வரையும் மூடியில் கை பக்கம் ஒரு உதடு வைத்து, கீழே வடிகால் துளை விடுவேன். சுமைச் சங்கிலிக்கு எண்ணெய், கியருக்கு கிரீஸ், பிரேக்குக்கு எதுவுமே கிடையாது.

நாக்குகள் இரண்டு வைப்பது அழகுக்காக இல்லை. ஒன்றின் ஸ்பிரிங் உடைந்தாலும் மற்றது தனியாக முழுச் சுமையையும் பிடிக்க வேண்டும். ராட்செட்டில் 12 பல் என்றால், ஒரு பல் பின்வாங்கும்போது சுமை இறங்குவது 144 ÷ (14 × 12) = 0.86 மி.மீ. போதும்.

சூட்டையும் மறக்க வேண்டாம். 1 டன்னை 3 மீட்டர் இறக்கினால் 29 கிலோஜூல் ஆற்றல், பெரும்பகுதி பிரேக்கில் சூடாக மாறும். பிரேக்கின் இரும்பு 1.5 கிலோ என்றால் சுமார் 40 டிகிரி ஏறும். 3 மீட்டருக்குப் பரவாயில்லை. அதே பிளாக்கில் நீளச் சங்கிலி போட்டு 10 மீட்டர் குழிக்குள் ஒரே மூச்சில் இறக்கினால் 140 டிகிரியைத் தாண்டும். நடுவில் நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள்.

படி 6: கொக்கியும் உடலும்

கொக்கி ஃபோர்ஜிங் செய்து ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்ததாக இருக்க வேண்டும். வார்ப்புக் கூடாது, கம்பியை வளைத்து வெல்டு செய்தது கூடவே கூடாது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால், சங்கிலி அறுவதற்கு முன் கொக்கி மெதுவாக வாயைத் திறந்து காட்ட வேண்டும். கடினம் அதிகமானால் சொல்லாமல் உடையும். அதனால் கொக்கியைக் கொஞ்சம் மென்மையாகவே விடுவோம். வாய்க்குக் குறுக்கே ஸ்பிரிங் தாழ்ப்பாள். கீழ்க்கொக்கி சுமையோடு சுழல த்ரஸ்ட் பேரிங். வாய் அகலத்தைப் புதிதிலேயே அளந்து எழுதிவையுங்கள். 10 சதவீதம் விரிந்தால் அந்தக் கொக்கியைக் கழித்துவிட வேண்டும், தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதன்படி.

பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் மூன்று போல்ட்டுகள், சங்கிலி வழிகாட்டி இவற்றில் பெரிய ரகசியம் இல்லை. சங்கிலியின் சுமையில்லாத முனையை மட்டும் உடலில் பின் போட்டுக் கட்டிவிடுங்கள், யாராவது வெறியோடு இறக்கிக்கொண்டே போனால் சங்கிலி முழுதாக உருவிக்கொண்டு விழாமல் இருக்க. மேல்கொக்கி மாட்டும் பீமுக்கும் ஒரு வார்த்தை: அது 1 டன்னை மட்டும் சுமக்கவில்லை, பிளாக்கின் எடையையும் கீழே இழுக்கும் கை விசையையும் சேர்த்துச் சுமக்கிறது.

படி 7: கோக்கும்போது

வரைபடம் சரியாக இருந்தும் கோக்கும்போது கெட்ட பிளாக்குகள் நிறைய. இடைக் கியர் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். பெரிய பல்லுக்கும் சின்னப் பல்லுக்கும் உள்ள உறவைக் குறிக்கும் புள்ளி அது. இரண்டு கியர்களின் புள்ளிகளும் குறித்த நிலையில் எதிரெதிரே வந்தால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் பல் பதிக்கும். நம் கணக்கில் பினியன் 10, சுமைக் கியர் 30, இரண்டும் இரட்டைப்படை. அதனால் 180 டிகிரியில் இரு பக்கமும் பல் நிலை ஒன்றாகவே இருக்கும், ஒரே மாதிரி இரண்டு கியர்கள் போதும். இதுவும் அந்த எண்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். புள்ளியைப் பார்க்காமல் மாட்டினால் பெரும்பாலும் உள்ளேயே போகாது. சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பும் வீரர்களும் உண்டு.

சுமைச் சங்கிலியை ஏற்றும்போது, நின்ற கண்ணிகளின் வெல்டு சக்கரத்துக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முறுக்கு இருக்கக் கூடாது. 2 டன் பிளாக்குகளில் பெரும்பாலும் இதே உடலைத்தான், கீழே ஒரு கப்பி சேர்த்து, இரண்டு இழைச் சங்கிலியாக ஓட்டுகிறார்கள். அங்கே கீழ்க்கொக்கி இழைகளுக்கு நடுவே ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். தூக்குவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

படி 8: சோதனை

முதலில் வெறும் கொக்கியோடு ஏற்றி இறக்குங்கள். ‘டக் டக்’ கேட்கிறதா? தூக்கும்போது அந்தச் சத்தம் இல்லையென்றால் நாக்கு பதியவில்லை, மேலே போகாதீர்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடுவது: சின்னச் சுமை. 25 கிலோ மாட்டி, பாதியில் நிறுத்துங்கள். சுமைதான் பிரேக்கை இறுக்குகிறது என்பதால், லேசான சுமையில் திருகு சரியாக ஏறாமல் நழுவ வாய்ப்பு உண்டு. 1 டன்னைப் பிடித்த பிளாக் 25 கிலோவை விடுவதைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

பிறகு முழுச் சுமை. அப்புறம் 1.5 டன், தரையிலிருந்து ஒரு ஜாணுக்கு மேல் தூக்காமல், பக்கத்தில் ஆள் இல்லாமல். கைச்சக்கரத்துக்கும் மூடிக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் விடுங்கள். கோடு விலகக் கூடாது. இறக்கிய பின் 11 கண்ணிகளின் நீளத்தை அளந்து, புதிதில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். நம் சங்கிலிக்கு அது 198 மி.மீ. சோதனைக்குப் பின்னும் அதுவேதான் இருக்க வேண்டும். பயன்பாட்டில் 2 சதவீதம், அதாவது 4 மி.மீ. நீண்டால் சங்கிலியை மாற்றிவிடுவது என் வழக்கம். கொக்கியின் வாயையும் மறுபடி அளங்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் இத்தகைய கருவியை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதிபெற்ற ஒருவர் பரிசோதித்துப் பதிய வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்த வழக்கம். அதனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு எண்ணைக் குத்திவிடுங்கள். எண் இல்லாத பிளாக்கின் பதிவேடு எந்தப் பிளாக்குடையது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாகப் பெயர்த் தகடு. ஒருமுறை சோதனையின்போது கூடவே நின்று பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், ‘ஒன்றரை டன் அலுங்காமல் நின்னுச்சே தம்பி, தகட்டுலயும் ஒன்றரைன்னே அடிச்சிருங்களேன்’ என்றார். அவர் எதிரிலேயே பஞ்ச்சை எடுத்து ‘1 டன்’ என்று அடித்துக் கொடுத்தேன். விலையில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு போனார்.